உப்பு போட்ட பியர்

மரக்காணம்
12 அக்டோபர் 2025

மரியே வாழ்க

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

ஜான்சி எழுதுகிறேன். எனக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவுக்குக் கால் வெடிப்பு மட்டும் இன்னும் ஆறவில்லை. மழைக்கு உப்பளத்தை மூடிவிட்டார்கள், இனி ஆறிவிடும். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? பார்லி மூட்டையை நீயே தூக்காதே.

அம்மா தூங்கிவிட்டாள். நீ விட்டுப்போன சிம் இல்லாத போன் வெளிச்சத்தில், போர்வைக்குள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

கலங்கரை விளக்கப் படத்தை மறுபடியும் பார்த்தேன். செத்துப்போன காவல்காரன் படியேறி வருவானே, அதுதான். பேயின் கையில் வாட்ச் கட்டியிருக்கிறான் அக்கா! நீ கவனித்தாயா? சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தேன். ஆனாலும் அவன் நடுப்படியில் நின்று திரும்பும்போது பயந்துதான் போனேன். எனக்கு அந்தப் பயம் பிடித்திருக்கிறது. படம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

அப்பாவின் கடைசி ராத்திரி அப்படி முடிவதில்லை. டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, "லைட்டப் போடுடி ஜான்சி, ஒண்ணும் தெரியல" என்றார். அந்தப் பாக்கெட் சாராயம் முதலில் கண்ணைத்தான் எடுத்தது. அந்தக் குரல் காதுக்குள் வரும்போது உன் மெட்டல் பாட்டுகளை மாட்டிக்கொள்கிறேன். டிரம் அடிப்பது பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் மாதிரியே இருக்கிறது. பாடுகிறவர் என்ன கத்துகிறார் என்று ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எனக்குப் பதிலாக அவர் கத்துகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். போன வாரம் இயர்போன் கழன்றுவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "யாருக்குடி பேய் புடிச்சிருக்கு? ஃபாதர இட்டாரட்டுமா?" என்றாள்.

அம்மா எல்லாரிடமும் நீ மருந்து கம்பெனியில் இருப்பதாகத்தான் சொல்கிறாள். நேற்று பஷீர் பாய் கடையில், "எம் பெரிய பொண்ணு மருந்து செய்யறா பாய். அவ அப்பனுக்குத்தான் ஒரு மருந்தும் ஒதவல" என்றாள். நான் சர்க்கரைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பெங்களூரில் பியர் காய்ச்சுகிறாய் என்று தெரிந்தால் உன்னைப் படியேற்ற மாட்டாள். மார்ச் மாதம் அப்பாவின் வருஷ பூசை. அதற்கு நீ வந்தே ஆகவேண்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

போன் பேசினால் அம்மா பார்த்துவிடுவாள். உன் ஹாஸ்டல் காலம் போலக் கடிதமே எழுது. சூர்யகலா வீட்டு முகவரிக்கே அனுப்பு. அவள் அம்மா கேட்டதற்கு, தபால் வழியில் பொது அறிவு படிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் தங்கை,
ஜான்சி

பெங்களூர்
27 அக்டோபர் 2025

என் பொது அறிவு மாணவிக்கு,

முதுகு பரவாயில்லை. சோறு சரியாகச் சாப்பிடுகிறேன். நீ ராத்திரி எழுதுவதைக் குறைத்துக்கொண்டு கண்ணைக் காப்பாற்று.

வாட்சை நான் கவனித்ததே இல்லை! படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கறுப்புப் பட்டை வாட்ச். சனிக்கிழமை சேர்ந்து படம் பார்க்கிற எங்கள் கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்து உருண்டு புரண்டது. சாதாரணப் பேய்ப் படம் ஒரு தடவை பயமுறுத்தும். இந்த மாதிரி ஓட்டைப் படம்தான் ஜான்சி, பத்துத் தடவை பார்த்தாலும் புதிதாக எதையாவது கொடுக்கும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அப்பா குடித்ததை எவனும் அளக்கவில்லை. எதை, எவ்வளவு கலந்தான் என்று விற்றவனுக்கே தெரியாது. நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை அளந்துகொண்டே இருக்கிறேன். சூடு, புளிப்பு, ஈஸ்ட், தண்ணீர். ஒரு தொட்டி சந்தேகமாக இருந்தால் மொத்தத்தையும் சாக்கடையில் விட்டுவிடுவேன், முதலாளி கத்தினாலும். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு உதவி. ஜெர்மனியில் உப்பும் கொத்தமல்லியும் போட்டு ஒரு பழைய வகைப் பியர் செய்வார்கள். குடித்தால் அம்மா வைக்கிற ரசத்துக்கு நுரை வந்த மாதிரி இருக்கும். சத்தியமாக! அதைச் செய்துபார்க்க முதலாளி சம்மதித்துவிட்டார். கடைப் பாக்கெட் உப்பு வேண்டாம், அயோடின் சேர்த்திருப்பான். நம் பாத்தி உப்பு இரண்டு கைப்பிடி அனுப்புகிறாயா? கடைப் பலகையில் அந்தப் பியருக்கு "மரக்காணம்" என்று பேர் எழுதப்போகிறேன். நம்மூர் பேரை இங்கே ஒருத்தன் சத்தமாகச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

முத்தங்களுடன்,
ராணி

மரக்காணம்
9 நவம்பர் 2025

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே விடாமல் மழை. பாத்தி எல்லாம் ஒரே ஏரியாகக் கிடக்கிறது, வரப்புகூடத் தெரியவில்லை. கரையில் குவித்த உப்பை ஓலை போட்டு மூடி ஆள் வைத்திருக்கிறார்கள். கேட்டேன். "மழைக்காலத்துல உப்பக் கேக்கறியே, ஒங்கம்மா என்ன ஊறுகா கம்பெனி வெச்சிருக்காளா?" என்று விரட்டிவிட்டார்கள். அடுப்படி உப்பு ஈரத்தில் கூழாகிவிட்டது.

ஆனால் வீட்டில் வேறொரு பானையில் காய்ந்த நல்ல உப்பு இருந்தது. வெள்ளை வெளேரென்று, பெரிய பெரிய கல். அதிலிருந்து எடுத்து இத்துடன் பார்சலில் வைத்திருக்கிறேன். எந்தப் பானை என்று கேட்காதே.

இது உனக்கும் சேர வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பலகையில் பேர் எழுதும்போது எழுத்துப்பிழை விடாதே.

உன் தங்கை,
ஜான்சி

பெங்களூர்
2 டிசம்பர் 2025

ஜான்சி செல்லத்துக்கு,

நலம். நீயும் அம்மாவும் மழையில் நனையாமல் இருங்கள்.

பார்சல் வந்தது. காகிதத்தைப் பிரித்ததும் மூக்கை வைத்து மோந்தேன். வாசனை ஒன்றுமில்லை, ஆனாலும் மோந்தேன். ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டே அன்று முழுக்க வேலை பார்த்தேன்.

பியர் வந்துவிட்டது! வெளிறிய மஞ்சள், மெல்லிய நுரை. முதலில் புளிப்பு, பிறகு கொத்தமல்லி, எல்லாம் போன பிறகு கடைசியில் உதட்டில் உப்பு. வெள்ளிக்கிழமை இங்கே ஒரு மெட்டல் கச்சேரி. கழுத்தே கழன்று விழுகிற மாதிரி தலையாட்டிவிட்டு, வேர்வையோடு எல்லாரும் வந்து "ஒரு மரக்காணம் குடுங்க" என்று கேட்டார்கள். ஒரு தாடிக்காரர் குடித்துவிட்டு, "கடல்ல குளிச்சிட்டு வந்தவங்களுக்கு முத்தம் கொடுத்த மாதிரி இருக்குங்க" என்றார். நான் சமையலறைக்குள் போய் கொஞ்சம் அழுதேன். கெட்ட அழுகை இல்லை.

மார்ச்சுக்கு லீவு சொல்லிவிட்டேன். பூசை முடிந்ததும் அம்மாவிடம் நானே என் வாயால் சொல்கிறேன். எனக்கு முன்னால் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான். என் வாயால் கேட்டால் திட்டுவாள், அடிப்பாள், பிறகு சோறு போடுவாள். வேறு வாயால் கேட்டால் அவ்வளவுதான்.

ராணி

மரக்காணம்
20 டிசம்பர் 2025

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கிறிஸ்துமஸ் வாழ்த்து. குடில் வைக்கவில்லை, துக்க வருஷம் என்பதால்.

ஒரு சின்ன விஷயம் நடந்தது. பானையில் குறைந்த உப்புக்குப் பதிலாக பஷீர் பாய் கடையில் கல் உப்பு வாங்கி மேலே கொட்டி வைத்தேன். நம் வீட்டில் யாராவது உப்பு வாங்கி நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. அடுத்த நாள் அம்மா கடைக்குப் போனதும் பாய் எல்லார் முன்னாலும், "வாங்க அந்தோணியம்மா! உப்பளத்துக்காரங்களுக்கே உப்பு வித்தவன்னு கடைக்கு போர்டு மாட்டிரலாமான்னு பாக்கறேன்" என்றாராம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து நேராகப் பானையைத் திறந்தாள்.

கேட்டாள். சமாளித்துவிட்டேன்.

தேர்வு நன்றாக எழுதினேன். வேதியியல் மட்டும் சுமார்.

ஜான்சி

பெங்களூர்
8 ஜனவரி 2026

ஜான்சிக்கு,

நலமா? "சமாளித்துவிட்டேன்" என்றால் என்ன சொன்னாய்?

கிறிஸ்துமஸ் அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. புத்தாண்டுக்கும் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதத்தில் ஒரு படம் பற்றிக்கூட எழுதவில்லை. நீ அப்படி எழுதுகிறவள் இல்லை. உண்மையைச் சொல். திட்ட மாட்டேன்.

ராணி

மரக்காணம்
25 ஜனவரி 2026

மகள் சகாயராணிக்கு,

உன் தாய் அந்தோணியம்மாள் சொல்ல ஜான்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உயிரோடு இருக்கிறோம்.

நீ மருந்து கம்பெனியில் இருக்கிறேன் என்று சொன்னாய். ஊருக்கெல்லாம் நானும் அப்படியே சொன்னேன். நீ செய்வது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. உன் அப்பன் எதைக் குடித்துக் கண் அவிந்து செத்தான் என்று பார்த்த பிறகும் உனக்கு இந்த வேலைக்குப் போகக் கை கால் வந்ததா? சாராயம் வேறு, அது வேறு என்று நீ சொல்வாய். தாலி அறுத்தவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நீ வாங்கிக் கொடுத்த மிக்சியைத் தொடுவதில்லை. அம்மியில்தான் அரைக்கிறேன். கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

இதை வாயால் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
அந்தோணியம்மாள்

பெங்களூர்
10 பிப்ரவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். அம்மியில் அரைக்காதே. மிக்சி வேண்டாமென்றால் யாருக்காவது கொடுத்துவிடு.

மறைத்தது என் தப்பு. செய்கிற வேலை தப்பென்று நான் நினைக்கவில்லை. அதை உன் எதிரில் உட்கார்ந்து சொல்ல நினைத்திருந்தேன்.

அப்பா பூசைக்கு வா என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கூப்பிடாத இடத்துக்கு வந்து உன்னை ஊர் முன்னால் நிறுத்த மாட்டேன். இங்கேயே ஒரு கோயிலில் பூசைக்குக் கொடுத்துக்கொள்கிறேன்.

ராணி

மரக்காணம்
7 மார்ச் 2026

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா படுத்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை, படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். விளக்கு வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுந்து பார்த்தால் பார்க்கட்டும்.

முந்தாநாள் பூசை. விடியும் முன்பே அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிட்டாள். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து ஒரு பஸ் வரும். அம்மா இரண்டடி முன்னால் போவாள். யாரோ இறங்குவார்கள். பின்னால் வருவாள். ஃபாதர் ஆள் விட்டார், பிறகு அவரே வந்தார். "அந்தோணியம்மா, ஆரம்பிச்சிடலாமா? ஜனங்க காத்திருக்காங்க" என்றார். "இன்னொரு வண்டி வருது சாமி. லீவு கேட்டிருக்கேன்னு எழுதியிருக்குது பொண்ணு" என்றாள். பக்கத்து வீட்டு அப்பாவு மாமா, "பெங்களூர்லேந்து நடந்தா வருது?" என்று கேலி செய்தார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ அப்படி எழுதவில்லை அல்லவா. நான்தான் அப்படிப் படித்தேன். உன் கடிதத்தை அம்மா என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். "நீ கூப்பிடவில்லை" என்று உள்ளதை உள்ளபடி படித்தால், "நான் கூப்ட்டேனேடி!" என்று அம்மா கேட்டிருப்பாள். அதனால் லீவு கேட்டிருக்கிறாய், வரப் பார்க்கிறாய் என்று படித்தேன்.

அம்மா கூப்பிட்டாள் அக்கா. அந்தக் கடிதத்தைச் சொல்லி முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "அப்பன் பூசைக்கு வந்துடச் சொல்லு. கோவம் வேற, பூசை வேற. வூட்ல ஒரு வாய் துன்னுட்டுப் போவட்டும்னு எழுது" என்றாள். நான் பேனாவை அசைத்தேன். எழுதியது, "வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை." அம்மாவுக்குத் தன் பேர் எழுத மட்டும்தானே தெரியும். அதன் கீழே குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தால், அம்மாவிடம் சொன்னது நான்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான், வேறில்லை. பானையைத் திறந்துவிட்டு அம்மா அடிக்கக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்குடி குடுத்த?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "அவளுக்கு எதுக்குடி உப்பு?" என்றாள். மருந்துக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு வாய் உளறி, பியருக்கு என்று வந்துவிட்டது. அதன்பின் எல்லாமே வந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது அப்பா வாரிய உப்பு. சாவதற்கு முந்தின வாரம் அப்பா பலகையால் இழுத்துக் குவித்ததில் கூலியோடு கொண்டுவந்தது. வருஷ பூசையன்று கல்லறையில் தூவுவதற்காக அம்மா யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். தெரிந்துதான் எடுத்தேன். உனக்கும் அப்பாதானே என்று நினைத்தேன். அது குடிக்கிற பொருளுக்குள் போகிறது என்பது பார்சல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூசைக்கு முந்தின நாள் அம்மா பானையை முறத்தில் கொட்டினாள். கடைக் கல் பொடிசு, நம் உப்பு பெரிய கல். பொறுக்கிப் பொறுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய அப்பா உப்பை மூன்று முடிச்சாகத் துணியில் கட்டினாள். அவளுக்கு, எனக்கு, உனக்கு. கல்லறையில் நாங்கள் இருவரும் தூவினோம். உன் முடிச்சை அம்மா அவிழ்க்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் ஒரு பஸ் போனது. நின்று பார்த்தாள்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல முடிந்தது. திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

ஜான்சி

மரக்காணம்
26 ஏப்ரல் 2026

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா வேலைக்குப் போகிறாள். வெயில் நன்றாக அடிப்பதால் இந்த வருஷம் உப்பு சீக்கிரம் பூக்கிறது என்கிறார்கள்.

சூர்யகலா வீட்டுக்கு நாள்தோறும் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா, "ஒங்க பொது அறிவு கிளாஸ் மூடிட்டாங்களாடி?" என்று கேட்கத் தொடங்கியதும் போவதை நிறுத்திவிட்டேன். உயிர்த்த ஞாயிறும் போனது. நீ எழுத மாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

நேற்று பஷீர் பாய் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அந்தோணியம்மா, பெங்களூர்லேந்து ஒங்களுக்கு லெட்டர். எங்கடை விலாசத்துக்கு வந்திருக்கு. நாந்தான் படிச்சுக் காட்டணுமாம், மேலயே எழுதியிருக்கு" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள். நானும் எண்ணெய் வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போனேன். பாய் அம்மாவை உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்து, கடைக்கு வந்தவர்களையெல்லாம் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஒன்றும் விட்டுவிடாமல் படிக்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்ததால் அவர் படித்ததில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மா ஓரிடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஓரிடத்தில் "ஆத்தாடி" என்று சிரித்தாள். ஓரிடத்தில் தலையைத் தூக்கி, தெருவில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யாரோ என்று பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு பாயிடம் திரும்பி, "மேல படிங்க" என்பது போல் கையை அசைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். மீன் குழம்பில் எனக்குப் பிடித்த துண்டத்தைத்தான் வைத்தாள். இன்று காலை உப்பளச் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வழக்கம்போலக் கையை நீட்டி, "குடும்மா, படிக்கறேன்" என்றேன்.

"பாய் படிப்பாரு" என்றாள்.

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பாய் கடையில் உட்கார்ந்து பதில் எழுத வைத்தாளாம். சூர்யகலா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கும் தெரியாது. கடிதம் நீளமாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அம்மா நீ படுக்கிற கோரைப் பாயை எடுத்து வெளியே உதறிக்கொண்டிருக்கிறாள். வெயில் காலத்தில் எல்லாப் பாயையும் உதறுவாள்தான். உன்னுடையதை மட்டும் உதறுகிறாளா, எல்லாவற்றையும் உதறுகிறாளா என்று எட்டிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

வருகிறாயா அக்கா? எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் போதும்.

உன் தங்கை,
ஜான்சி